இரண்டு பிளேன்டீ நேரம் பந்து விழவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பந்து வித்தைச் சங்கத்தில் ஒரு பெண்பிள்ளைக்குப் பரீட்சை நடந்தது. கம்பஸில் படிக்கிற பிள்ளை. பரீட்சை என்றால் பேனையும் தாளும் இல்லை. மூன்று பந்துகளை எறிந்து பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஒரு கிளாஸ் பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி, சுடச்சுடக் குடிப்பார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு பந்தும் கீழே விழக்கூடாது. விழாவிட்டால் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, மரியாதை செய்வதாக நினைத்து, அந்தக் கிளாஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பெரியம்மா, நீங்கதான் மூத்தவங்க. நீங்க குடிங்க" என்றார். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "தம்பி, பந்து எறியத் தெரிஞ்சவங்க இந்தக் கிளாஸத் தொடக்கூடாது. எனக்குத் தெரியும். நான்தான் இந்தச் சங்கத்துல சேர்ந்த முதல் பொம்பள" என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. நிமிரட்டுமே.

தெரிந்தவர்கள் கிளாஸைத் தொடக்கூடாது என்ற சட்டம் எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். வாயால் சொன்னேன். எழுதியும் கொடுங்கள் என்றார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எனக்கு என்ன அவசரம்?

அது நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் கழிந்த காலம். நாங்கள் ஹந்தானைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். நான் மலையில் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் வேலை. மலையிலிருந்து கண்டிக்கு இறங்குகிற வழியில், ஒரு திருப்பத்தில், தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முஸ்லிம் ஆள். இளவட்டமாக இருந்தபோது, கண்டிக்கு வந்து கூடாரம் போட்ட ஒரு சர்க்கஸுக்குத் தண்ணீர் சுமந்தவர். சர்க்கஸ் ஊரைவிட்டுப் போய்விட்டது. கூடாரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகிய வித்தை மட்டும் நானாவிடம் தங்கிவிட்டது. தேத்தண்ணி ஆற்றுவதற்கு நடுவில் மூன்று எலுமிச்சங்காயை எடுத்து எறிவார். ஒன்று கையில், இரண்டு ஆகாயத்தில். குடிக்க வந்தவர்கள் குடிப்பதை மறந்துவிடுவார்கள்.

அவரைப் பார்த்து என் வீட்டுக்காரர் பழகினார். கம்பளையிலிருந்து புசல்லாவைப் பக்கம் ஓடுகிற பஸ்ஸில் ஒரு சிங்களக் கண்டக்டர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், அவரும் சேர்ந்தார். கம்பளை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் நாலாவது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு பேரும் கடைக்குப் பின்னாலிருந்த வெட்டை வெளியில் கூடுவார்கள். நானாதான் அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்தார். கடையில் மாட்டியிருந்த மணிக்கூடு ஓடாது. அதனால்தான் பரீட்சைக்குப் பிளேன்டீயை அளவாக வைத்தார். எறிகிறவரைத் தொடக்கூடாது, அவர் மேல் எதையும் போடக்கூடாது. ஆனால் வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லி ஏசலாம், சிரிக்க வைக்கலாம். ஏசலாம் என்ன, ஏசியே ஆக வேண்டும். சனங்களுக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் காது மரத்துப் போயிருக்க வேண்டும் என்பார் நானா.

அவர்கள் ஆடப் போகாத இடம் இல்லை. கம்பளைக் கடைத்தெருவில் ஆடினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரத் தாமதமானால் ஆடினார்கள். கண்டக்டர், பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் பயணிகளின் எலுமிச்சங்காயை வாங்கி எறிவார். டிரைவர் ஹோர்ன் அடித்தால்தான் ஏறுவார். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் சாமி இறங்கி வர நேரமாகிவிட்டது என்று இவர்களை ஆடச் சொன்னார்கள். ஆட்டம் சூடு பிடித்த நேரம் பார்த்துச் சாமி வந்துவிட்டது. சனங்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. பூசாரிக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அவர்களுக்குப் பந்து தைத்துக் கொடுத்தது நான். முதலில் கம்பளித் துண்டில் குரக்கன் தானியம் போட்டுத் தைத்தேன். கையில் நன்றாக உட்காரும். ஆனால் எலி விடவில்லை. காலையில் பார்த்தால் பந்து இருக்கும், வயிறு இருக்காது. பிறகு மாவலி ஆற்று மணலை வறுத்துப் போட்டேன். மழையில் நனைந்தால் பந்து கல்லாகிவிடும். கடைசியில் தேயிலைக் கொட்டையை உலர்த்தி, மணலோடு கலந்து போட்டேன். அதுதான் சரியாக வந்தது. வெள்ளைத் துணியில் தைத்த பந்து ஹந்தானைப் பனிமூட்டத்துக்குள் போனால் தெரியாது, அதனால் சிவப்புத் துணிக்கு மாறினேன்.

ஒவ்வொரு பந்தும் ஒரே பாரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? தராசு ஏது? ஒன்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு எறிந்து பார்ப்பேன். பிறகு இரண்டு. ஒருநாள் மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. லயத்தில் எங்கள் காம்பராவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பந்து பனிக்குள் போய் மறைகிறது, மறைந்த இடத்திலிருந்தே சிவப்பாகத் திரும்பி வருகிறது, அதற்குள் மற்றது மேலே போகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்தது கூடத் தெரியவில்லை. வேலைக்குப் போனால், கொழுந்து பறித்து முதுகுக் கூடைக்குள் எறியும்போதும் அதே நினைப்பு. நாங்கள் திரும்பிப் பார்த்தா கூடைக்குள் போடுகிறோம்? கை பறிக்கும், தோளுக்கு மேலே எறியும், கூடை வாங்கிக்கொள்ளும். அதே மாதிரிப் பந்தையும் எறிந்து பார்த்தேன். விழுந்தது, கூடைக்குள்!

அந்த வருஷம் பொங்கலுக்குக் கண்டியில் ஒரு பெரிய மண்டபத்தில் கலை விழா வைத்தார்கள். எங்கள் சங்கத்தையும் ஆடக் கூப்பிட்டார்கள். மண்டபத்து மேடையில், மின்சார வெளிச்சத்தில்! சங்கத்து ஆட்கள்தான் மேடை ஏறலாம் என்று நானா சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் வந்து விஷயத்தைச் சொல்லி, "இந்தா புள்ள, நல்ல சிவப்புல புதுசா பந்து தச்சிடு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் தைத்த பந்து மேடை ஏறும், நான் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

"தச்சித் தர்றேன். நானும் பரீட்சை குடுக்கப் போறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நெசமாவா?"

மூன்று பந்தை எடுத்து எறிந்து காட்டினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பத்துல இருந்து புள்ள இது?"

"எலி குரக்கன் தின்ன காலத்துல இருந்து."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதுப் பந்துகளைத் துணியில் முடிந்துகொண்டு அவரோடு இறங்கினேன். மலைக்குப் போகிற மாதிரியே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டேன். சேலை அசையாது பாருங்கள். வழியில் அவர் சங்கடப்பட்டார்.

"நானும் உன்ன ஏசணும் புள்ள. சட்டம் அப்பிடி."

"ஏசுங்க. வீட்டுல ஏசாததா?"

கடையில் நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாய் திறந்தது கண்டக்டர்தான்.

"அக்கா, மேடை பஸ் மாதிரி இல்ல. விழப் போனா புடிக்கக் கம்பி கிடையாது."

"உங்க பஸ்ஸுலயுந்தான் பாதிக் கம்பி கழண்டு கெடக்கு. நாங்க விழுந்தா போறோம்?" என்றேன்.

டிக்கெட் ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, நான் குறையாச் சொல்லேல்ல. ஆனா பெம்பிளையள் மேடையில நிண்டு பந்து எறியிறதெண்டா, சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

"நீங்க எறியிறப்ப என்ன கதச்சாங்க ஐயா?"

"என்னைப் பாத்தோ? ரெயில்வேக்காரனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டுதான்."

"அப்ப எனக்கும் அதையே கதைக்கட்டும்."

எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். அவர் இடுப்புச் சாரத்தை இழுத்துக் கட்டினார். "சட்டத்தில ஆம்புள மட்டுந்தான் எண்டு எழுதி ஈக்கா? ஒண்டும் எழுதல்ல. நாம எழுதவே இல்லயே! ஆனா தங்கச்சி, ஒரு செல்லு செல்றன். பந்து ஒண்டு விழுந்தா அடுத்த வருசந்தான். பொங்கலுக்கு ஏலாது. சம்மதமா?"

"சம்மதம் நானா."

வெட்டையில் போய் நின்றேன். நானா ஒரு கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். ஆவி பறக்கிறது. கேத்தலில் இருந்ததிலேயே கொதியானதை எனக்கென்று ஊற்றியிருந்தார். ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் கித்துள் கருப்பட்டித் துண்டு. கருப்பட்டியைக் கடித்து, ஒரு வாய் உறிஞ்சினார். "ம்!" என்றார். எறிந்தேன்.

ஒன்று, மற்றது, மற்றது. ஓடத் தொடங்கிவிட்டது.

கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் நிற்கிற மாதிரியே தொடங்கினார். "இஸ்ஸரஹட்ட யன்ன! முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! அக்கா, கூடைய மடியில வைங்க! புள்ளைக்கு அரை டிக்கெட்டு எடுத்தீங்களா? எங்க புள்ள? மேல பறக்குதே, அதுவா புள்ள?"

சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டிக்கெட் ஐயா ரெயில் வருகிறதை அறிவிக்கிற குரலில், "கவனிக்கவும்! ஹந்தானையிலிருந்து வாற பந்து தாமதமா வரும். வராமலும் விடும். ஓம், விழப்போகுது, இந்தா விழப்போகுது" என்றார். ஹந்தானைக்கு ரெயில் ஏது! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் பந்து விழவில்லை.

என் வீட்டுக்காரர் பேசாமல் நின்றார். நானா கிளாஸுக்கு மேலாக அவரை முறைத்தார். சட்டம் சட்டந்தானே. அவர் என்ன செய்தார் தெரியுமா? ரோட்டுப் பக்கம் திரும்பி, பயந்துபோன குரலில், "ஐயையோ! கங்காணி வர்றாரு!" என்றார்.

பாவி மனுஷன்! எனக்கு எது ஆகாது என்று தெரிந்தே சொன்னார். என் தலை தானாகத் திரும்பியது. ஆனால் மலையில் கங்காணி வருகிறார் என்றால் எங்களுக்குக் கை நிற்குமா? இன்னும் வேகமாக அல்லவா ஓடும்! தலை ரோட்டைப் பார்க்கிறது, கை இரண்டும் பறக்கிறது. பந்து போகிற வேகத்தில் சிவப்புக் கோடு போட்ட மாதிரி இருந்ததாம். பிறகு அவர்கள்தான் சொன்னார்கள்.

திடீரென்று "அல்லாவே!" என்று ஒரு சத்தம்.

பந்து எறியத் தெரிந்தவர்கள் யாருடைய கையையும் பார்ப்பதில்லை. பந்து மேலே போய்த் திரும்புகிற அந்த உச்சியைத்தான் பார்ப்பார்கள். நானாவும் அப்படித்தான், கிளாஸ் கையில் இருப்பதையே மறந்து, வாயைத் திறந்துகொண்டு உச்சியைப் பார்த்திருக்கிறார். தலை மேலே போகப் போகக் கை கீழே சாய்ந்து, பாதிப் பிளேன்டீ அவர் சாரத்தில் ஊற்றிவிட்டது. கொதிக்கக் கொதிக்க! அவர் குதித்த குதி, சர்க்கஸில் கூட யாரும் குதித்திருக்க மாட்டார்கள்.

"முடிஞ்சிடிச்சி! கிளாஸு காலி! என் சம்சாரம் பாஸு!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"எங்க முடிஞ்சது? குடிக்கோணுமெண்டுதான் சட்டம். ஊத்தினது கணக்கில்லை" என்றார் டிக்கெட் ஐயா.

"சாரம் குடிச்சதுதானே? நானாட சாரமும் நானாவும் ஒண்டுதானே?" என்றார் கண்டக்டர்.

"அப்ப சாரத்தைச் சங்கத் தலைவராப் போடுவமோ?" என்றார் ஐயா.

"நான் எரிஞ்சி சாகிறன், நீங்க சட்டம் பேசுறீங்களா!" என்று நானா.

இவர்கள் இப்படிச் சண்டை பிடிக்கிறார்கள், நான் எறிந்துகொண்டே நிற்கிறேன்! நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லையே. தோள்பட்டை கடுக்கத் தொடங்கியது. நிறுத்தினால், பாதிப் பிளேன்டீக்குத்தான் நின்றாள் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். நான் சத்தம் போட்டேன்.

"நானா! இன்னொரு கிளாஸ் ஊத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"புள்ள, கை விட்டுறப் போகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊத்துங்கன்னு சொல்றேன்!"

ஊற்றினார்கள். ஆனால் குடிப்பது யார்? நானா குடித்தால் மறுபடியும் மேலே பார்ப்பார். கண்டக்டரும் பார்ப்பார். டிக்கெட் ஐயா, "நானும் பாப்பன், பொய் சொல்லக்கூடாது" என்றார். அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த வியாதி இருந்தது.

அப்போது கடைக்குள்ளிருந்து நானாவின் மனைவி வந்தார். ராத்தா என்போம். இந்தப் பந்து விளையாட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நானா எலுமிச்சங்காயை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன கூச்சல் என்று கேட்டார். சொன்னார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிளாஸை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

ஒரே மடக்கில் குடித்து என்னைக் கரை சேர்ப்பார் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. ஊதினார். ஒரு வாய். கருப்பட்டியைக் கேட்டு வாங்கி ஒரு கடி. மறுபடி ஊதினார்.

"ராத்தா, கொஞ்சம் வெரசா!" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். என்னை ஏச வேண்டியவர் அவர்! ஏசுகிறதை எல்லோருமே விட்டுவிட்டார்கள்.

ராத்தா திரும்பவே இல்லை. "நான் ஒரே மடக்கில குடிச்சா நாளைக்கு என்ன செல்வீங்க? பொம்புளைக்குப் பொம்புள வுட்டுக் குடுத்தாள் எண்டு செல்வீங்க. ஒருத்தரும் வாய் தொறக்கப்படாது. அவ நிப்பா" என்றார்.

அவ நிப்பா. அந்த இரண்டு சொல் என் தோளுக்குள் இறங்கியது. வலி அப்படியே இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்தது. பனி இறங்கி வந்தது. பந்து மறைவதும் வருவதுமாக இருந்தது. எனக்குப் பழக்கமான பனிதானே. டிக்கெட் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார், பார்க்கப் பயமாம்.

ராத்தா கடைசிச் சொட்டையும் குடித்து, கிளாஸைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

"முடிஞ்சி. சேத்துக்கொள்ளுங்க."

மூன்று பந்தையும் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் என்னைத் தூக்கி நிறுத்தவா, தான் ஆடவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். டிக்கெட் ஐயா வந்து, "பிள்ளை, நான் கதைச்சதை மனசில வையாதையுங்கோ. ரெண்டு கிளாஸுக்கு நான் நிக்கமாட்டன்" என்றார். நானா ஈரச் சாரத்தோடு, "இண்டையில இருந்து சட்டம்: வித்தை தெரிஞ்ச ஒருத்தரும் கிளாஸப் புடிக்கப்படாது" என்றார். அந்தச் சட்டத்தைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பிக்குச் சொன்னேன்.

பொங்கலும் வந்தது. கண்டி மண்டபத்தில் அத்தனை சனத்தை நான் பார்த்ததே இல்லை. முன்வரிசையில் கதிரை போட்டு ராத்தாவை உட்கார வைத்திருந்தார் நானா. அவர் கையில் ஒரு சோடாப் போத்தல். மேடை ஏறினோம், ஐந்து பேர். ஆம்பிளைகள் நாலு பேரும் வெள்ளையாக உடுத்தியிருந்தார்கள். நான் சிவப்புச் சேலைக்கு மேலே படங்கைக் கட்டி, முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். கீழே குசுகுசு என்று பேச்சு. எவளோ கொழுந்துக்காரி வழி தவறி ஏறிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

நாலு பக்கமிருந்தும் எனக்குப் பந்து வந்தது. பிடிக்கிறேன், எறிகிறேன், திருப்பிக் கொடுக்கிறேன். மேலே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஹந்தானையில் பனிக்குள் மறைகிற பந்து, இங்கே வெளிச்சத்துக்குள் மறைந்து வந்தது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பேச்சு அடங்கிவிட்டது. இடையில் ராத்தாவைப் பார்த்தேன். பக்கத்துப் பொம்பிளையோடு ஏதோ கதைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். அவர் சுபாவம் அது, என்ன செய்ய?

கடைசி ஆட்டம். கண்டக்டர், "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று கத்தினார். அது எங்கள் அடையாளம். நான் இரண்டு எட்டு முன்னால் வந்து, சனங்களைப் பார்த்தபடியே, மூன்று பந்தையும் ஒவ்வொன்றாகத் தோளுக்கு மேலே எறிந்தேன். கொழுந்து எறிகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று கூடைக்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை நானாவின் எலுமிச்சங்காயை விட, பனியை விட, மண்டபத்துக் கூரை வரைக்கும் உயர எறிந்தேன்.

அது எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. முன்வரிசையைத்தான் பார்த்தேன். ராத்தாவின் பேச்சு நின்றது. முகம் மெதுவாக நிமிர்ந்தது, இன்னும் நிமிர்ந்தது, வாய் திறந்தது. கையிலிருந்த போத்தல் சாய்ந்து, சோடா முழுக்க அவர் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

பந்து கூடைக்குள் 'தொப்' என்று விழுந்தது.